நகம் இல்லாத தடம்

நவம்பர் 6, வியாழன்

அவர் நேற்றுக் காலை போனவர் இன்னும் வரவில்லை.

இந்த டைரி அவருடையது. வருடப் பிறப்புக்கு எஸ்டேட் ஆபீசில் கொடுத்தார்கள். ஒரு பக்கம்கூட எழுதவில்லை. போலீசில் கேட்டால் முன்னுக்குப் பின் உளறாமல் இருக்க, நடந்ததைத் தேதி போட்டு எழுதி வை என்று பக்கத்து வீட்டுப் பவுனுத்தாய் சொன்னாள். எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெயர் சௌரிமுத்து. வயது ஐம்பத்தெட்டு. தேயிலைத் தொழிற்சாலையில் தூளை உலர்த்தும் டிரையரில் வேலை பார்த்து, போன மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். நேற்று நான் எழுந்தபோது அவர் பாயில் இல்லை. மேல் டிவிசனுக்குக் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் பாறைமுக்குப் பக்கம் அவர் முதுகைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் சதுப்பைத் தாண்டிக் காட்டுக்குள் போகும். வலது பக்கம் பஸ் ரோட்டுக்கு இறங்கும். பனிமூட்டம் என்பதால் எந்தப் பக்கம் திரும்பினார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

போன் அலமாரியில் இருக்கிறது. அணைத்து வைத்திருக்கிறார். ஒரு போர்வை குறைகிறது. குளிருக்குப் போர்த்திக்கொண்டு போயிருப்பார். கோயிலுக்குப் போடும் கட்டம்போட்ட சட்டை கொடியில் இல்லை. சவரப் பெட்டியையும் காணோம். பவுனுத்தாய் புருஷன் இரவல் வாங்கியிருப்பான், அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

காட்டுக்குள்தான் போயிருக்கிறார். எனக்குத் தெரியும்.

நவம்பர் 7, வெள்ளி

இன்று தேடப் போகவில்லை. மேல் டிவிசனில் யானைக் கூட்டம் நிற்கிறது. குட்டியோடு இருப்பதால் யாரும் போகக்கூடாது என்று வனத்துறையில் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் இந்த வழியாகத்தான் வரும். தேயிலைக்கு நடுவில் பாதை எங்கே போகிறது என்று அதுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் ஆயாவாக இருக்கும் பிள்ளைக் காம்பராவில் இன்று பதினாறு குழந்தைகள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் விட்டுப்போவார்கள். பால் காய்ச்சினேன், தொட்டில் சேலைகளை அலசிப் போட்டேன். வெயில் இல்லாததால் ஒன்றும் காயவில்லை. என் வேலை தற்காலிகம். அதற்கு வீடு கிடையாது. வீடு அவர் வேலைக்குக் கொடுத்தது. மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும்.

மகன் அலோசியஸ் திருப்பூரிலிருந்து பேசினான். பனியன் கம்பெனியில் லீவு தரமாட்டார்களாம். அழுதான். போன ஞாயிறு அவன் பேசியபோது போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஒற்றை அறை, இரண்டு பிள்ளைகள், "யாராச்சும் ஒருத்தர்னா சமாளிச்சுக்கலாம்மா, ரெண்டு பேர்னா எங்க படுக்க வைப்பேன்" என்றான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கீரையைக் காம்பில்லாமல் சுத்தமாக உருவிக் கொடுத்தார்.

நவம்பர் 8, சனி

யானைகள் மறுபக்கம் இறங்கிவிட்டன. மத்தியானத்தோடு காம்பரா முடிந்ததும் விறகுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சதுப்புக்குப் போனேன்.

தேயிலை முடிந்து காடு ஆரம்பிக்கும் இடம் அது. கணுக்கால் வரை கறுத்த சேறு. அங்கே வராத மிருகம் இல்லை போல. யானைக் கால் பட்ட இடங்கள் கிணறுகள் மாதிரி வட்டமாகத் தண்ணீர் நிறைந்து கிடந்தன. காட்டுமாட்டுக் குளம்பு, கடமான் குளம்பு, முள்ளம்பன்றி முள்ளை இழுத்துப்போன கோடு. ஒன்றாவது வழியில் நின்று யோசித்த மாதிரித் தெரியவில்லை. நான் இந்த மலையில் நாலு லைன் வீடுகளில் இருந்திருக்கிறேன். பிறந்தது ஒன்று, கட்டிக்கொண்டு போனது ஒன்று, மண் சரிந்தபோது மாற்றிவிட்டது ஒன்று, இப்போது இருப்பது ஒன்று. எல்லாம் யாரோ சாவியைக் கொடுத்துப் போகச் சொன்ன இடங்கள்.

ஓடைக்கரையில் அந்தத் தடத்தைப் பார்த்தேன். வெறுங்கால். அகலமான பாதம், குதிகால் அழுந்தியிருந்தது, ஐந்து விரலும் ஒரே வரிசையில். வருடக்கணக்கில் ரப்பர் பூட்ஸ் போட்டதில் அவர் விரல்கள் அப்படித்தான் ஒட்டியிருக்கும். காட்டுக்குள் போகிற பக்கம் பார்த்திருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

விரல்களுக்கு முன்னால், சற்றுத் தள்ளி, சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. இலையிலிருந்து சொட்டிய தண்ணீராக இருக்கும். அச்சு குழம்பிவிடக்கூடாது என்று கையால் தடவிச் சமமாக்கினேன். எல்லாத் தடத்திலும் அப்படிச் செய்தேன். நடுநடுவே வேறு ஏதோ மிருகத்தின் குட்டையான தடமும் கலந்திருந்தது. அதை மிதித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து திரவியத்துக்குப் போன் பண்ணினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் திரவியம் வந்தான். வேட்டைத் தடுப்புக் காவலன். எங்கள் லைனில் வளர்ந்தவன். சின்ன வயதில் அவனைத் தொழிற்சாலை வாசலில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர் அவர்தான். அவரை அண்ணன் என்பான், என்னை மதினி என்பான்.

சதுப்புக்குக் கூட்டிப்போனேன். குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். சாணால் அளந்தான்.

"மொதல்ல பயந்துட்டேன் மதினி. கரடியோன்னு."

"கரடிக்கு மனுசக் கால் மாதிரியா இருக்கும்?"

"பின்னங்கால் அப்படியே மனுசக் கால்தான். எத்தனையோ பேர் ஏமாந்திருக்கான். ஆனா அதுக்கு நகம் நீளம். வெரலுக்கு முன்னாடி தள்ளி அஞ்சு புள்ளி விழுந்திருக்கணும். இங்க ஒண்ணுமே இல்லயே." தடத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். "மண்ணு கொஞ்சம் கலஞ்ச மாதிரி இருக்கே?"

"நான்தான் தொட்டுப் பார்த்தேன்."

"தொடாம இருக்க முடியுமா" என்றான். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "அண்ணன்தான் மதினி. கவலப்படாதீங்க. கோவிச்சுக்கிட்டுக் காட்டுக்குள்ள போற மொத ஆளா அவரு? எங்கப்பன் ரெண்டு தடவ போயி, பசிக்குதுன்னு சாயங்காலம் வந்துட்டான்."

நான் சிரித்தேன். நாலு நாளில் முதல் தடவை.

கரடி என்று தெரிந்தால் வெடி போட்டுச் சத்தம் காட்டிக்கொண்டுதான் போவார்களாம். மனுசன் என்றால் வெடி கூடாது, மிரண்டு ஒளிந்துகொள்வான், பேச்சுக் கொடுத்துக்கொண்டு மெதுவாகப் போகவேண்டும் என்றான்.

நவம்பர் 10, திங்கள்

தேட ஆறு பேர் போனார்கள். மேல் சரிவில் பாதி வரை ஏறிவிட்டு மழையில் திரும்பினார்கள்.

ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தேடுதல் முடிகிற வரை வீட்டைக் காலிசெய்ய வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருப்பதாகக் கிளார்க் சொன்னார். நல்ல மனுசர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் பவுனுத்தாய் அரிசி புடைக்கும்போது முறத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"ஏ ரெஜினா, கோவப்படாத. காலை பஸ்ஸு கண்டக்டரு, பைய வச்சிக்கிட்டு ஓரமா உக்காந்திருந்த ஆளு ஒங்க வீட்டுக்காரர் மாதிரித் தெரிஞ்சுதுங்கான்."

"மாதிரின்னா?"

"மாதிரின்னா மாதிரிதான். மப்ளர் கட்டியிருந்தாராம், மூஞ்சி தெரியலயாம்."

"இந்த மலைல மப்ளர் கட்டாத ஆள் ஆரு?"

"அதுவுஞ் சரிதான்" என்றாள். பிறகு, "எம் புருசன் ஒங்க வீட்டுச் சவரப் பெட்டிய எடுக்கலயாம்டி" என்றாள்.

அவனுக்கு ஞாபகம் இருக்காது. குடிக்கிறவன்.

நவம்பர் 11, செவ்வாய்

திரவியத்தைக் கரடி அடித்துவிட்டது.

காம்பராவில் குழந்தைகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். ஜீப் ஆரனை விடாமல் அடித்துக்கொண்டு இறங்கியது. பின்னால் போர்வையால் சுற்றி வைத்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. போர்வைக்குள்ளிருந்து "அண்ணே, அண்ணே" என்று முனகல் கேட்டது. காட்டுக்குள் என்னவென்று கூப்பிட்டுக்கொண்டு போனானோ அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

கூடப் போன காவலர் சொன்னார்: தடம் ஏறிப்போன வழியிலேயே, பாறைக்குக் கீழே, குட்டியோடு இருந்ததாம். திரவியம் முன்னால் போயிருக்கிறான். வெடி அவர்கள் பைக்குள் இருந்தது.

குழந்தைகளுக்கு மிச்சச் சோற்றையும் ஊட்டினேன். ஒரு வாய், ஒரு பிள்ளையின் மூக்கில் போய்விட்டது.

நவம்பர் 12, புதன்

பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். இறங்கும்போது வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி.

இடது கன்னத்திலிருந்து தலைவரை தையல். அந்தப் பக்கக் கண் இனி இல்லை. அவன் மனைவி அமலி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்தாள். "அண்ணன் கிடைச்சாரா?" என்று அவள்தான் கேட்டாள்.

அவனுக்குப் பேச முடிகிறது, ஒரு பக்க வாயால்.

"எனக்கு இன்னும் புரியல மதினி. தடத்துல நகமே இல்லயே."

அடுத்த கட்டிலில் காலில் மாவுக்கட்டு போட்டவர், தோப்பில் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். அவர் சொன்னார்: "நகமில்லாத கரடியே இந்தக் கீறு கீறியிருக்கே தம்பி, நகம் வேற இருந்திருந்தா?" வார்டே சிரித்தது. திரவியமும் சிரித்தான், தையல் இழுத்து அலறினான். அமலி சிரித்துக்கொண்டே அழுதாள். கொண்டுபோன ரொட்டியைப் பிட்டு அவனுக்குப் பாலில் நனைத்து ஊட்டினேன். "மதினி மாதிரி ஆரு செய்வா" என்றாள் அமலி.

வீடு வந்து சேர்ந்து விளக்கைப் போடும்போது போன் அடித்தது. தெரியாத எண்.

"நான்தான்" என்றார்.

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன்.

"ரெஜினா. பஸ் ஸ்டாண்டுல ஆரோ பேசிக்கிட்டாங்க. திரவியத்தக் கரடி அடிச்சிருச்சுன்னு. என்னயத் தேடப் போயின்னு. நெசமா?"

"நெசந்தான்."

அந்தப் பக்கம் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"ஆனைமலைப் பக்கம். ஒரு தோப்புல காவலுக்கு. என்னய எதுக்குக் காட்டுக்குள்ள தேடுனீங்க? நான் பஸ் ஏறுனத கண்டக்டர் பாத்தானே."

"சொல்லிட்டுப் போனா என்ன?"

"சொன்னா விட மாட்ட." இரண்டு தடவை வறட்டாக இருமிவிட்டு, "நீ பையங்கிட்ட போயிரு. ஒருத்தர்னா வச்சுக்குவான்" என்றார்.

"எந்தத் தோப்பு?"

"குடிசையில ஒரு ஆள்தான் படுக்கலாம்."

"எந்தத் தோப்புன்னு கேட்டேன்."

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்தார். வாய்க்கால் பாலத்து டீக்கடையாம், யாரோ பெரியவர் போனைக் கேட்டு வாங்கிப் பேசிவிட்டுப் போய்விட்டாராம்.

உயிரோடு இருக்கிறார். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

நவம்பர் 13, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை.

பால் காய்ச்சினேன். இன்று பதினாலு குழந்தைகள். வெயில் வந்தது. தொட்டில் சேலைகள் எல்லாம் காய்ந்தன.

மத்தியானம் வனவர் ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்தார். திரவியம் படுக்கையில் இருந்தே மேலதிகாரியிடம் கெஞ்சியிருக்கிறானாம். அண்ணன் தடம் பாறைக்கு மேலே ஏறியிருக்கிறது, அவரும் அடிபட்டுக் கிடப்பார், விட்டுவிடாதீர்கள் என்று. சனிக்கிழமை காலை பன்னிரண்டு பேர் அதே சரிவில் ஏறப் போகிறார்கள். "நம்பிக்கையா இருங்கம்மா" என்றார் வனவர்.

அவர் போனபிறகு கிளார்க் வந்தார். எப்படியும் கிறிஸ்துமஸ் வரை வீட்டைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்றார்.

கிறிஸ்துமஸ் வரை என்றால் ஒன்றரை மாதம். அவர் காட்டில் இருக்கிற வரை நான் காணாமல்போனவரின் மனைவி. என் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள், குழம்பு கொடுத்தனுப்புகிறார்கள், கோயிலில் பேர் சொல்லி ஜெபிக்கிறார்கள். அவர் தோப்பில் இருக்கிறார் என்றால் நான் யார்? விட்டுவிட்டுப் போனவள்கூட இல்லை. விடப்பட்டவள்.

பவுனுத்தாய் மீன் குழம்பு கொண்டுவந்தாள். சாப்பிட முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் அவள் தம்பியும் இருக்கிறான் என்று, பெருமையாகத்தான் சொன்னாள்.

நவம்பர் 14, வெள்ளி

முதல் பஸ்ஸில் பொள்ளாச்சிக்கு இறங்கினேன். வனவரிடம் சொல்வதற்கு முன்னால் திரவியத்திடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அமலி கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை என் பக்கம் திருப்பி, "நாளைக்குப் பன்னெண்டு பேர் ஏறுறாங்க மதினி. கூட்டிட்டு வந்துருவாங்க" என்றான்.

"அண்ணன் காட்டுக்குப் போகல திரவியம். ஆனைமலைப் பக்கம் தோப்புல காவலுக்கு இருக்கார். போன் பண்ணுனார்."

அமலி "மாதாவே" என்று கையைக் கூப்பினாள். அவன் முகத்தில் முழுச் சந்தோசம் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு மெல்ல அது மாறியது. அவன் தடம் பார்க்கிறவன்.

"அப்போ அந்தத் தடம்?"

"நகம் இருந்துச்சு" என்றேன். "அஞ்சும் இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். முன்னங்கால் தடத்தையும் மிதிச்சுட்டேன்."

மாவுக்கட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"எதுக்கு?" என்றான் திரவியம். கோபமாக அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"அவர் காட்டுக்குள்ள இருந்தாத் தேவலாமுன்னு இருந்துச்சு."

அவனுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்ப முயன்றான், தையல் விடவில்லை. அதனால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். அமலி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நான் கொண்டுபோன தூக்குவாளியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"போயிருங்க மதினி. நான் ஏதாவது சொல்லிருவேன்."

மதினி என்றுதான் சொன்னாள், அப்போதும்.

வெளியே வந்து வனவருக்குப் போன் பண்ணி, யாரும் ஏற வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். தடத்தைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். திரவியம் தப்பாகப் பார்த்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதற்கு எங்கே வந்து எழுதிக்கொடுக்கச் சொன்னாலும் வருகிறேன் என்றேன். மேனேஜருக்கும் அவரே சொல்லிவிடுவார்.

மலைக்குப் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. திருப்பூர் பஸ்ஸும் நின்றது. ஆனைமலை பஸ்ஸில் ஏறினேன்.

வாய்க்கால் பாலத்தில் இறங்கினேன். டீக்கடைக்காரருக்கு அவர் யாரென்று தெரியவில்லை. புதிதாக வந்த காவல்காரர்கள் வாய்க்கால் கரையோடு எத்தனையோ பேர் என்றார். பார்த்த பக்கமெல்லாம் தென்னை. மலைபோல மேடு பள்ளம் இல்லை. எல்லா மரமும் ஒரே வரிசை, எல்லாக் கேட்டும் ஒரே மாதிரி. ஒவ்வொரு கேட்டாகக் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

"மலையிலிருந்து வந்த ஆள் யாராவது காவலுக்கு இருக்காங்களா?"

"பேரென்ன?"

"சௌரிமுத்து."

"அப்படி யாரும் இல்லீங்க. நீங்க யாரு அவருக்கு?"

"சம்சாரம்" என்றேன். ஒரு இடத்தில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். இன்னொரு இடத்தில் நாயை ஏவிவிடப் பார்த்தார்கள்.

வெயில் தாழ்ந்தபிறகு, கரை வளைகிற இடத்தில் ஒரு தோப்பு. கேட் உள்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. மரங்களுக்கு நடுவில் ஓலைக் குடிசை ஒன்று தெரிந்தது, ஒரு ஆள் படுக்கிற அளவுதான். கொடியில் ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தது. எல்லாப் போர்வையும் ஒரே மாதிரிதான் இருக்கும். திரும்பலாம் என்று நினைத்தபோது உள்ளே இருமல் கேட்டது. தேயிலைத் தூசு போன நெஞ்சு முதலில் இரண்டு தடவை வறட்டாக இருமும், அப்புறம் இழுக்கும். முப்பத்திரண்டு வருடம் என் பக்கத்தில் படுத்து இருமியது.

"நான்தான்" என்றேன். "இங்க வர்றத அலோசியசுக்குச் சொல்லல. ஆருக்கும் சொல்லல. நான் மட்டுந்தான் வந்திருக்கேன்."

இருமல் நின்றுவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

கேட்டுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மட்டை ஏற்றிக்கொண்டு போன ஒருவரிடம் கேட்டேன். இந்தப் பக்கம் ஆறு மணிக்குத்தான் மும்முனைக் கரண்ட் வருமாம், வந்ததும் காவல்காரர்தான் கேட்டைத் திறந்து வந்து தண்ணீர் மோட்டார் போட வேண்டுமாம், ஒரு நாள் தவறினாலும் முதலாளி அனுப்பிவிடுவாராம்.

மோட்டார் அறை கேட்டுக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில், என் பக்கத்தில் இருக்கிறது.